எட்டு நிமிட ஊர்வலம்

மேடையில் பாடகர் இருக்கிறார். கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். சாக்ஸபோனும் டிராம்போனும் ஊதுபவர்கள் ஒரு பக்கம் நிற்கிறார்கள். இத்தனை பேருக்கும் நடுவே கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர், கையில் எந்த வாத்தியமும் இல்லாமல் ஆடிக்கொண்டே இருக்கிறார். எப்போதாவது பின்பாட்டுக்கு மைக் பக்கம் வருவார். மற்ற நேரமெல்லாம் ஆட்டம்தான். பெயர் பென் கார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து 'தி மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ்' குழுவில் ஆரம்ப நாளிலிருந்து கடைசிவரை அவருக்கு இதுதான் உத்தியோகம்.

இந்த உத்தியோகம் வந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1980களில் பாஸ்டோன்ஸ் பையன்களுக்கே மது விற்கும் கிளப்புகளுக்குள் நுழையும் வயது வரவில்லை. வாசிக்க வருபவர்கள் என்பதால் உள்ளே விட்டார்கள். சாமான் தூக்கக் கூட வந்த பள்ளித் தோழனை மட்டும் வாசலிலேயே நிறுத்தினார்கள். "இவனும் எங்க ஆளுதான்" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனார்கள். குழுவில் ஒருவன் என்றால் மேடை ஏறியாக வேண்டுமே! ஏறினான், ஆடினான். அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

அந்தக் குழு 2021 மே 7 அன்று தன் பதினோராவது ஸ்டுடியோ ஆல்பத்தை வெளியிட்டது. பெயர் 'வென் காட் வாஸ் கிரேட்'. மொத்தம் பதினைந்து பாடல்கள். குழு தொடங்கி நாற்பது வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாடகர் டிக்கி பேரட்டுக்கு வயது ஐம்பத்தாறு. எட்டு மாதங்கள் கழித்து, கலைகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

பழைய குழு ஒன்று புது ஆல்பம் போட்டால், "புதிதாக என்ன செய்திருக்கிறார்கள்?" என்று கேட்பது ராக் விமர்சகர்களின் வழக்கம். பாஸ்டோன்ஸ் வாசித்த ஸ்கா-பங்க் வகைக்கு அந்த அளவுகோல் அவ்வளவாகப் பொருந்தாது. ஜமைக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் உருமாறிய இசை இது. ஒவ்வொரு தலைமுறையும் முந்திய தலைமுறையிடம் கடன் வாங்கித்தான் பிழைத்திருக்கிறது. யாரிடம் வாங்கினார்கள், வாங்கியதை ஒப்புக்கொண்டார்களா, அடுத்தவர் கையில் சேர்த்தார்களா என்று பார்ப்பதுதான் இங்கே நியாயமான கணக்கு. அந்தக் கணக்கை இந்த ஆல்பம் எட்டு நிமிடப் பாட்டு ஒன்றில் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் தாளம். மேசையில் கையால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராகத் தட்டிப் பாருங்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே கை மேலே நிற்கும் அந்தக் கணத்தில் வாயால் 'ச்சக்' என்று சொல்லுங்கள். தட்டு, ச்சக், தட்டு, ச்சக். அந்த 'ச்சக்'தான் ஸ்கா கிட்டார். தந்தியை அடித்த கையோடு அமுக்கிவிடுவதால் ஒலி நீளாமல் வெட்டுப்பட்டுக் கேட்கும். அதற்குக் கீழே பேஸ் கிட்டார் படியேறி இறங்குவதுபோல நடந்துகொண்டே இருக்கும். மேலே டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் சேர்ந்து மெட்டை ஊதும். தாளத்தின் கனம் தட்டில் விழாமல் இடைவெளியில் விழுவதால், கேட்பவர்களுக்குக் கால் தானாக எழும்பும். உட்கார்ந்து கேட்பதற்காகப் பிறந்த இசை அல்ல இது.

பிறந்தது ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், 1950களின் கடைசியில். அந்தக் காலத்தில் அங்கே ஏழை மக்களின் கேளிக்கை 'சவுண்ட் சிஸ்டம்'. பெரிய பெரிய ஸ்பீக்கர்களைத் தெருமுனையிலோ திறந்தவெளியிலோ அடுக்கி, அமெரிக்காவிலிருந்து வந்த ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டு, விடிய விடிய ஆட்டம் நடக்கும். கிளெமென்ட் 'காக்ஸோன்' டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் இந்தத் தொழிலின் பெரும்புள்ளிகள். அமெரிக்காவில் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பியதும், ஜமைக்கர்கள் விரும்பிய வகைத் தட்டுகளின் வரத்து குறைந்தது. வெளியே கிடைக்காததை உள்ளூரிலேயே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. சவுண்ட் சிஸ்டம் முதலாளிகள் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர்களாக மாறினார்கள். டாட் 1963இல் பிரென்ட்ஃபோர்டு சாலையில் 'ஸ்டுடியோ ஒன்' தொடங்கினார்.

வாசிக்க ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது இன்னும் சுவையானது. கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்ற பள்ளி இருந்தது. ஆதரவற்ற சிறுவர்களுக்கும் வீட்டில் அடங்காத சிறுவர்களுக்கும் அங்கே கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அதில் பேண்டு வாத்தியமும் ஒரு தொழில். சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸ் என்ற கன்னியாஸ்திரி சொந்தமாகவே இசைத்தட்டுகள் சேர்த்துவைத்து மாணவர்களுக்குப் போட்டுக்காட்டுவாராம். 1964இல் உருவான 'தி ஸ்கட்டலைட்ஸ்' குழுவின் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் அந்தப் பள்ளியில் ஊதப் பழகியவர்கள். அந்தக் குழு முதல் சுற்றில் தாக்குப்பிடித்தது பதினான்கு மாதங்கள்தான். அதற்குள் ஸ்காவின் இலக்கணத்தையே எழுதி முடித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் டீ-ஷர்ட் வழியாகவாவது எல்லோருக்கும் தெரிந்த பாப் மார்லியும் இந்தக் கதைக்குள் வருகிறார். அவருடைய 'தி வெய்லர்ஸ்' குழுவுக்கு முதல் பெரிய வெற்றியைத் தந்த 'சிம்மர் டவுன்' ஒரு ஸ்கா பாட்டு. ஸ்டுடியோ ஒன்னில் பதிவாகி 1964இல் ஜமைக்காவைக் கலக்கியது. அதே ஆண்டில் மில்லி ஸ்மால் என்ற பதின்வயதுப் பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. ஜமைக்காவில் 1960களின் நடுவில் ஸ்காவின் வேகம் தணிந்து 'ராக்ஸ்டெடி' ஆனது, பிறகு 'ரெகே' ஆனது. மார்லி அந்தப் பாதையில் போய் உலகப் புகழ் பெற்றார். தாய்மண்ணில் ஸ்கா பழைய பாட்டாகிவிட்டது.

அதை மறுபடி எழுப்பியவர் ஊட்டியில் பிறந்தவர்.

ஜெர்ரி டாமர்ஸ் 1955இல் உதகமண்டலத்தில் பிறந்தார். தகப்பனார் ஆங்கிலிகன் பாதிரியார். குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு, கார் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன கவென்ட்ரி நகரத்தில் டாமர்ஸ் 'தி ஸ்பெஷல்ஸ்' குழுவைத் தொடங்கினார். 1979இல் 'டூ டோன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் ஏற்படுத்தினார். குழுவில் ஏழு பேர். வெள்ளையர்களும் கறுப்பர்களும் கலந்து இருந்தார்கள். நெவில் ஸ்டேப்பிளும் லின்வல் கோல்டிங்கும் ஜமைக்காவில் பிறந்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் ஸ்கா தட்டுகளையும் கூடவே கொண்டுவந்திருந்தன. அந்தத் தட்டுகளின் தாளத்தோடு, அப்போது லண்டனை உலுக்கிக்கொண்டிருந்த பங்க் ராக்கின் கோபத்தையும் வேகத்தையும் டாமர்ஸ் சேர்த்தார். நிறுவனத்தின் சின்னம் கறுப்பு சூட்டும் தொப்பியும் அணிந்த ஓர் உருவம். வெய்லர்ஸின் பீட்டர் டாஷ் இளமையில் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்து வரைந்தது. கூடவே கறுப்பு வெள்ளைக் கட்டம். நிறவெறிக் கட்சிகள் தெருவில் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கட்டம் ஓர் அரசியல் அறிக்கையாகவே இருந்தது.

கடன் வாங்கியதை இவர்கள் மறைக்கவில்லை. ஸ்பெஷல்ஸின் முதல் வெற்றிப் பாட்டான 'கேங்ஸ்டர்ஸ்', பிரின்ஸ் பஸ்டரின் 'அல் கபோன்' பாட்டின் மேல் கட்டப்பட்டது. டூ டோனில் அறிமுகமான 'மேட்னெஸ்' குழு தன் பெயரையே பிரின்ஸ் பஸ்டரின் ஒரு பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிய ஸ்பெஷல்ஸின் 'கோஸ்ட் டவுன்' 1981 ஜூலையில் பிரிட்டனின் முதலிடத்துக்கு வந்தபோது, பல நகரங்களில் கலவரம் நடந்துகொண்டிருந்தது. செய்திக்குப் பின்னணி இசை போட்டதுபோல அமைந்துவிட்ட பாட்டு அது. அந்த ஆண்டிலேயே குழு உடைந்தது.

அடுத்த அலை அமெரிக்காவில் எழுந்தது. இங்கிலாந்துக்காரரான ராபர்ட் ஹிங்லி 1981இல் நியூயார்க்கில் 'தி டோஸ்டர்ஸ்' குழுவைத் தொடங்கி, பிறகு 'மூன் ஸ்கா' என்ற நிறுவனத்தையும் நடத்தினார். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பினப் பள்ளி மாணவர்கள் சிலர், வெள்ளையர் பகுதிப் பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பப்பட்ட காலத்தில் ஒன்றுசேர்ந்து 'ஃபிஷ்போன்' ஆனார்கள். ஸ்கா, ஃபங்க், பங்க், மெட்டல் என்று அவர்கள் கலக்காதது எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1987இல் பிறந்த 'ஆபரேஷன் ஐவி' இரண்டே வருடம் இருந்து, 'எனர்ஜி' என்ற ஒரே ஒரு முழு ஆல்பத்தை விட்டுவிட்டுக் கலைந்தது. அதன் கிட்டார் கலைஞர் டிம் ஆம்ஸ்ட்ராங் பிற்பாடு 'ரான்சிட்' குழுவால் பெரும் புகழ் பெற்றார்.

'எனர்ஜி' வெளியான அதே 1989இல்தான், நாட்டின் மறுகோடியில் பாஸ்டோன்ஸின் முதல் ஆல்பம் 'டெவில்ஸ் நைட் அவுட்' வந்தது. பாஸ்டனின் பங்க் இசை முரட்டுத்தனத்துக்குப் பேர்போனது. ஹார்ட்கோர் என்று அதற்குப் பெயர்: மின்னல் வேகம், ஒன்றரை நிமிடப் பாட்டு, அடித்தொண்டைக் கத்தல். பாஸ்டோன்ஸ் ஸ்காவையும் இதையும் ஒரே பாட்டுக்குள் பூட்டினார்கள். சரணத்தில் 'ச்சக் ச்சக்' என்று கிட்டார் குதித்துக்கொண்டிருக்கும். பல்லவி வந்ததும் கிட்டாரின் ஒலி கனத்து உறுமும், டிரம்ஸ் இரட்டை வேகம் எடுக்கும், ஊதுகுழல்கள் எக்காளம்போலச் சேர்ந்துகொள்ளும். மேலே பேரட்டின் கரகரத்த குரல். 'ஸ்கா-கோர்' என்று சொல்லப்படும் வகைக்கு இவர்களைத்தான் முன்னோடிகளாகக் காட்டுகிறார்கள். டூ டோனின் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குப் பதிலாக இவர்கள் ஸ்காட்லாந்து பாணியில் வண்ணக் கட்டம் போட்ட சூட் அணிந்தார்கள்.

குழுவுக்குள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பாடகர் பேரட், பேஸ் கிட்டார் ஜோ கிட்டில்மன், சாக்ஸபோன் டிம் பர்ட்டன் (திரைப்பட இயக்குநர் வேறு ஆள்), ஆட்டக்காரர் பென் கார் ஆகிய நால்வரும் கடைசிவரை நகரவில்லை. 1994 முதல் ஆண்டு இறுதியில் சொந்த ஊர் ரசிகர்களுக்காக 'ஹோம்டவுன் த்ரோடவுன்' என்ற பெயரில் தொடர்ந்து சில இரவுகள் கச்சேரி நடத்தத் தொடங்கினார்கள். நடுவில் குழு ஓய்வெடுத்த சில வருடங்கள் தவிர இது ஒரு சம்பிரதாயமாகவே தொடர்ந்தது. 1995இல் 'க்ளூலெஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் விருந்துக் காட்சியில் வாசிக்கும் குழுவாகவே தலைகாட்டினார்கள்.

1997இல் 'லெட்ஸ் ஃபேஸ் இட்' வந்தது. அதிலிருந்த 'தி இம்ப்ரெஷன் தட் ஐ கெட்' அமெரிக்காவின் மாடர்ன் ராக் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஆல்பம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. குதியாட்டம் போடவைக்கும் அந்தப் பாட்டின் பொருள் விளையாட்டானது அல்ல. பெரிய துயரம் எதுவும் தன்னை இதுவரை சோதித்ததில்லை என்று ஒருவன் நிம்மதிப்படுகிறான். அந்த நாள் வந்தால் தாங்குவேனா என்று உள்ளுக்குள் நடுங்கவும் செய்கிறான். இந்தப் பாட்டு முதலில் இடம்பெற்றது ஒரு நிதி திரட்டும் தொகுப்பில். பாஸ்டனை ஒட்டிய புரூக்லைன் பகுதியில், கருக்கலைப்பு செய்யும் இரண்டு மருத்துவமனைகளில் 1994 டிசம்பர் இறுதியில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதற்கு எதிர்வினையாக வந்த தொகுப்பு அது.

அந்த இரண்டு மூன்று வருடங்கள் ஸ்கா-பங்குக்கு அறுவடைக் காலம். நோ டவுட், சப்லைம், ரீல் பிக் ஃபிஷ், கோல்டுஃபிங்கர், லெஸ் தேன் ஜேக் என்று வானொலியைத் திருகினால் ஊதுகுழல் சத்தம்தான். 1999இல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' வீடியோ கேமில் கோல்டுஃபிங்கரின் 'சூப்பர்மேன்' கேட்டு ஸ்காவுக்குள் வந்த பையன்கள் ஏராளம். கொரிய வம்சாவளியைச் சேர்ந்த மைக் பார்க், பெற்றோர் வீட்டு கேரேஜில் தொடங்கிய நிறுவனத்தைக் கொண்டு, 1998இல் 'ஸ்கா அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற பெயரில் நாடெங்கும் கச்சேரிப் பயணம் நடத்தினார். ஆரம்பத்தில் இந்த இசை எதற்காக நின்றது என்பதைப் புது ரசிகர்கள் மறந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு.

பிறகு காற்று திசை மாறியது. வானொலி வேறு பக்கம் போனது. மூன் ஸ்கா 2000இல் கடையை மூடியது. ஸ்கா-பங்க் என்றாலே கட்டம் போட்ட சட்டை, கோமாளித்தனம், பழைய பள்ளிக்கூட பேண்டு என்று கேலி பேசும் காலம் தொடங்கியது. இந்த வகைக் குழுக்களுக்குப் பணக் கணக்கும் சாதகமில்லை. நான்கு பேர் குழு ஒரு வேனில் போய் வந்துவிடும். ஊதுகுழல்காரர்களையும் சேர்த்து எட்டு ஒன்பது பேர் என்றால் சாப்பாடு, தங்கல், பயணம் எல்லாம் இரட்டிப்பு; கிடைக்கும் காசில் பங்கு பாதி. பாஸ்டோன்ஸும் 2003 இறுதியில் ஓய்வு அறிவித்தார்கள். 2007இல் மறுபடி சேர்ந்தார்கள். பேரட் 2004 முதல் ஜிம்மி கிம்மலின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிவிப்பாளராக வேலை பார்த்தார். இரவு நிகழ்ச்சிக்குக் குரல், ஓய்வு கிடைக்கும்போது குழு என்று வண்டி ஓடியது. 2009, 2011, 2018 என்று இடைவெளிவிட்டு ஆல்பங்கள் வந்தன.

இந்த இடத்தில் 2020 குறுக்கிட்டது. கொரோனா கச்சேரிகளை நிறுத்தியது. மே மாதம் மில்லி ஸ்மால் காலமானார். அதே மாதக் கடைசியில் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் உயிரிழந்தார். செப்டம்பரில் ஜமைக்காவின் மாபெரும் குரல்களில் ஒருவரான டூட்ஸ் ஹிப்பர்ட் மறைந்தார். 'வென் காட் வாஸ் கிரேட்' வெளிவந்த உலகம் இதுதான்.

ஆல்பத்தை வெளியிட்டது ஹெல்கேட் ரெக்கார்ட்ஸ். ஆபரேஷன் ஐவியில் இருந்த அதே டிம் ஆம்ஸ்ட்ராங் 1997இல் தொடங்கிய நிறுவனம். டெட் ஹட்டுடன் சேர்ந்து ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. 1989இல் அமெரிக்காவின் இரு கோடிகளில் தனித்தனியாக ஒரே மாதிரிப் பரிசோதனை செய்தவர்கள், முப்பத்திரண்டு வருடம் கழித்து ஒரே கூரையின் கீழ் வந்திருந்தார்கள்.

பாட்டுகளில் பழைய துள்ளல் இருக்கிறது. 'ஐ டோன்ட் பிலீவ் இன் எனிதிங்' மூச்சு வாங்காமல் ஓடும் பாட்டு. எல்லாவற்றிலும் நம்பிக்கை போய்விட்டது என்பதை இவ்வளவு உற்சாகமாக ஒருவர் பாட முடியுமா என்று வியக்கவைக்கிறது. 'தி கில்லிங் ஆஃப் ஜார்ஜி (பார்ட் 3)' ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலையைப் பற்றியது. ராட் ஸ்டூவர்ட் 1976இல், நியூயார்க்கில் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பு இளைஞன் ஒருவனைப் பற்றி இரண்டு பாகமாக ஒரு பாட்டு வெளியிட்டார். அந்தத் தலைப்பை எடுத்து மூன்றாம் பாகம் என்று பேர் வைத்ததிலேயே, கொலைகள் தொடர்கின்றன என்ற செய்தி வந்துவிடுகிறது. க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 1970ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றையும் தங்கள் பாணியில் பாடியிருக்கிறார்கள். தலைப்புப் பாட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, போன காலத்தைத் திரும்பிப் பார்க்கிறது.

ஆனால் ஆல்பத்தின் உயிர் 'தி ஃபைனல் பரேட்' பாட்டில் இருக்கிறது. ஏறத்தாழ எட்டு நிமிடம். ஸ்கா-பங்க் பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டினாலே அதிகம். இதில் வாசித்தவர்கள், பாடியவர்கள் பட்டியல், கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு உற்றார் உறவினர் பெயரையெல்லாம் அடுக்குவார்களே, அப்படி நீள்கிறது. ஒவ்வொருவரும் ஓரிரு வரி பாடிவிட்டு ஒதுங்க, அடுத்தவர் பிடித்துக்கொள்கிறார். பல்லவிக்கு எல்லோரும் கூடுகிறார்கள்.

யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஸ்காவின் வரலாறே வரிசையில் நிற்கிறது. ஸ்ட்ரேஞ்சர் கோல் 1942இல் ஜமைக்காவில் பிறந்தவர். 1962இல், அதாவது ஜமைக்கா சுதந்திரம் அடைந்த வருடத்தில், டியூக் ரீடுக்காகப் பாடி வெற்றி கண்டவர். அவர் இதில் பாடும்போது வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. டூ டோன் சுடரை நியூயார்க்குக்குக் கொண்டுவந்த ஹிங்லி இருக்கிறார். ஃபிஷ்போனின் ஏஞ்சலோ மூர் இருக்கிறார். ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார். 90களின் அலையிலிருந்து லெஸ் தேன் ஜேக் குழுவின் கிறிஸ் டிமேக்ஸ் இருக்கிறார். கடைக்குட்டியாக 2011இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'தி இன்டரப்டர்ஸ்' குழுவின் பாடகி ஏமி. அவர்களுடைய முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் ஆம்ஸ்ட்ராங்தான். கிங்ஸ்டனில் தொடங்கியது அறுபது வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கிறது என்பதை ஒரே பாட்டில் காதால் எண்ணிவிடலாம்.

இப்படிப் பல பேரைக் கூட்டிவந்து பாடவைக்கும் பாட்டுகள் பெரும்பாலும் விழா மேடை சமாச்சாரமாக முடிந்துவிடும். இது அப்படி ஆகாததற்குக் காரணம் தாளத்தின் கட்டுக்கோப்பு. யார் வந்து பாடினாலும் அடியில் அந்த 'ச்சக்' தளரவே இல்லை. ஜோ சிரோயின் டிரம்ஸ் எட்டு நிமிடமும் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து போவதைப்போல நிதானமாகப் போகிறது. குரல்களின் வித்தியாசம் அதனாலேயே துல்லியமாகக் கேட்கிறது: கோலின் முதிர்ந்த நடுக்கம், ஏமியின் கூர்மை, ஆம்ஸ்ட்ராங்கின் குழறல், பேரட்டின் கரகரப்பு.

ஆல்பத்தில் குறை இல்லாமலில்லை. பதினைந்து பாடல்கள் அதிகம். நடுவில் வரும் இரண்டு மூன்று பாடல்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. எடுத்துவிட்டிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். 1989இன் முரட்டுத்தனத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இதிலுள்ள மென்மை ஏமாற்றமாகவும் இருக்கலாம். ஐம்பது தாண்டியவர்கள் இருபது வயதுக் கோபத்தை நடிக்காமல் விட்டது நல்லதுதான் என்று மற்றவர்கள் நினைப்பார்கள்.

ஊர்வலம் முடிந்த விதம் யாரும் எதிர்பார்க்காதது. 2022 ஜனவரி 27 அன்று, குழு கலைகிறது என்று சுருக்கமான ஓர் அறிவிப்பு வந்தது. ரசிகர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன் வாஷிங்டனில் கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து நடந்த பேரணியின் ஏற்பாட்டில் பேரட்டின் பெயர் செய்திகளில் அடிபட்டது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பலர் பேசினார்கள். குழு வாயே திறக்கவில்லை. பேரட் 'தி டிஃபையன்ட்' என்ற புதுக் குழுவோடு 2023இல் ஆல்பம் வெளியிட்டார். ஜோ கிட்டில்மன் 2024இல் தனி ஆல்பம் போட்டார். அதை வெளியிட்டது 'பேட் டைம் ரெக்கார்ட்ஸ்'. இன்றைய இளம் ஸ்கா குழுக்களின் முக்கியமான கூடாரம் அதுதான்.

அந்த இளைஞர்கள் சும்மா இல்லை. பாஸ்டோன்ஸின் ஆல்பம் வந்த அதே 2021இல் பிலடெல்ஃபியாவின் 'கேட்பைட்' தன் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டது. பங்க் உலகில் மதிக்கப்படும் ஜெஃப் ரோசன்ஸ்டாக் தன் முந்தைய ஆல்பம் முழுவதையும் ஸ்காவாக மாற்றி 'ஸ்கா ட்ரீம்' என்று வெளியிட்டார். ஏரன் கார்ன்ஸ் என்ற பத்திரிகையாளர் 'இன் டிஃபென்ஸ் ஆஃப் ஸ்கா' என்று ஸ்காவுக்கு வக்காலத்து வாங்கி ஒரு புத்தகமே எழுதினார். ஜப்பானில் 'டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ரா' 1980களிலிருந்து இடைவிடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறது. டெல்லியில்கூட 'தி ஸ்கா வெஞ்சர்ஸ்' என்று ஒரு குழு 2009இல் தொடங்கியது.

ஸ்கா பக்கமே போகாதவர்கள் நேரடியாக இந்த ஆல்பத்தில் நுழைய வேண்டாம். முதலில் வெய்லர்ஸின் 'சிம்மர் டவுன்' (1964), பிறகு ஸ்பெஷல்ஸின் 'கேங்ஸ்டர்ஸ்' (1979), அதன்பின் பாஸ்டோன்ஸின் 'தி இம்ப்ரெஷன் தட் ஐ கெட்' (1997). மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இந்த மூன்றையும் கேட்ட கையோடு 'தி ஃபைனல் பரேட்' போட்டுப் பாருங்கள். யார் யாருக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.